வீதி யாருக்குரியது? பொலோஞ்ஞா நகரின் வரலாற்று அனுபவம்

நகர வீதி யாருக்குரியது என்னும் வினா பொறியியல் சார்ந்தது போலத் தோன்றினும், அடிப்படையில் அது அரசியல் வினாவேயாகும். இதனை விளங்கிக்கொள்ள இத்தாலியின் பொலோஞ்ஞா நகர வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

1288ஆம் ஆண்டின் நகரச் சட்டம், புதிய வீடுகள் வீதியோரத்தில் தூண்களாலான தாழ்வாரம் கொண்டிருத்தல் வேண்டும் என விதித்தது. நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமையோ பொதுவானது. இன்று ஏறத்தாழ 62 கிலோமீற்றர் நீளமுடைய இத்தாழ்வாரங்கள் அச்சட்ட மரபின் எச்சங்களாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின் மோட்டார் வாகனங்கள் பெருகின. 1963இல் டிராம் சேவை முடிவுற்றது. 1945 முதல் மாநகரசபையை நிருவகித்து வந்த கம்யூனிஸ்ட் கட்சியின் காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இடதுசாரி ஆட்சி என்பதனால் மட்டும் பாதசாரிக்கு வீதி கிடைத்துவிடவில்லை.

மாற்றம் 1968இல் தொடங்கியது. நடுச்சதுக்கமான பியாசா மஜ்ஜோரே வாகனங்களுக்கு மூடப்பட்டது. கட்டடக்கலைஞர் செர்வெலாத்தி முன்னின்று வகுத்த திட்டம் பழைய நகரையும் அதன் எளிய குடிகளையும் ஒருங்கே காக்க முனைந்தது. 1973 ஏப்ரலில், எண்ணெய் நெருக்கடிக்கு முன்னரே, நெரிசல் வேளைகளில் பஸ் பயணம் இலவசமாக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் பயணமும் உழைப்பின் ஒரு பகுதியே என்னும் கருத்து இதில் உட்கிடையாயிருந்தது எனலாம்.

ஆயினும் இலவசப் பயணம் நீடிக்கவில்லை. 1970களின் வரிச் சீர்திருத்தம் நகரசபைகளின் வரிவிதிப்பு அதிகாரத்தைப் பெரும்பாலும் மத்திய அரசிடம் கையளித்தது. கொள்கை நகரத்திடமும் திறைசேரி உரோமாபுரியிடமும் இருந்தன. மறுபுறம், சிறு வணிகரும் கைவினைஞரும் கட்சியின் ஆதரவுத் தளத்தில் அடங்கியிருந்தமையால் அவர்தம் நலன்களை ஆட்சியாளரால் புறக்கணிக்கவும் இயலவில்லை. 1984இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர், நகர மையத்தைத் தனியார் வாகனங்களுக்கு மூடுவதை ஆதரித்தனர். எனினும் அத்தடையைக் கண்காணிக்கும் கமெராக்கள் 2005இலேயே இயங்கத் தொடங்கின.

1963இல் கைவிடப்பட்ட டிராமை மீண்டும் அமைக்கும் பணிகள் 2023இல் ஆரம்பமாயின. அறுபது ஆண்டுகளின் பின்னான இம்மீட்சி நமக்கு உணர்த்துவது யாது? மக்களின் சம்மதம் இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. நிதியதிகாரம் இல்லாத உள்ளூராட்சி வழங்கும் உரிமை, வழங்கப்பட்ட வேகத்திலேயே பறிபோகவும் கூடும்.