கதிரியக்கத் திரவக் கழிவைக் கண்ணாடியாக்கல்: நுட்பமும் காப்புரிமை ஆய்வும்

கதிரியக்கத் திரவக் கழிவைக் கண்ணாடியாக்கல் என்பது, அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை மறுசெயலாக்கம் செய்த பின் எஞ்சும் கொடிய திரவத்தை உருகிய கண்ணாடியில் கரைத்து, எஃகு உருளைகளில் வார்த்து உறையவைக்கும் முறை. கழிவிலுள்ள தனிமங்கள் கண்ணாடியின் அணுப் பின்னலுக்குள்ளேயே கலந்துவிடுவதால், உருளை உடைந்தாலும் அவை எளிதில் வெளியேறுவதில்லை. 1950-களில் ஆய்வுக்கூடங்களில் தொடங்கிய இம்முறை 1978-இல் தொழிற்சாலை அளவை எட்டியது. உயர்நிலைத் திரவக் கழிவுக்கு உலகில் பெருமளவில் கையாளப்படும் முறை இன்றும் இதுவே. இதன் வளர்ச்சியைக் காப்புரிமை ஆவணங்களின் வழியாகவும் படிக்கலாம். கண்ணாடி மிகப் பழைய பொருள். அதில் எது புதிது என்ற கேள்வியைக் காப்புரிமை ஆய்வாளர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டியிருந்தது.

கழிவின் தன்மை

எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் கரைப்பானால் பிரித்தெடுப்பதே பியூரெக்ஸ் எனப்படும் மறுசெயலாக்க முறை. எஞ்சும் அமிலக் கரைசலில் பிளவுப் பொருள்களின் கதிரியக்கம் ஏறக்குறைய முழுவதும் தங்கிவிடுகிறது. அதில் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டும் முதல் சில நூற்றாண்டுகளின் ஆபத்துக்குக் காரணம். அவற்றின் அரை ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டு. அமெரீசியம்-241 பாதியாகக் குறைய 432 ஆண்டும், நெப்டியூனியம்-237 பாதியாகக் குறைய 20 லட்சம் ஆண்டுக்கு மேலும் ஆகும். கரைசல் தன் கதிரியக்கத்தாலேயே சூடேறிக்கொண்டிருக்கும். ஆகவே அதை வைத்திருக்கும் தொட்டியை ஓயாமல் குளிர்விக்க வேண்டும்.

தொட்டிகளின் காலம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் எடுக்கும் அவசரத்தில் கழிவைப் பற்றி நெடுநோக்கோடு எவரும் திட்டமிடவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹான்ஃபோர்டில் அமிலக் கழிவை எரிசோடாவால் காரமாக்கி, நிலத்தடி எஃகுத் தொட்டிகளில் கொட்டிவைத்தார்கள். அங்கே 177 தொட்டிகள் உள்ளன; அவற்றில் 149 ஒற்றைச் சுவர் கொண்டவை. ஏறத்தாழ 21 கோடி லிட்டர் கழிவு அவற்றில் தேங்கியது. அடியில் சேறு படிந்தது, மேலே உப்பு கட்டியாயிற்று, பல தொட்டிகள் கசிந்தன.

சோவியத் ஒன்றியத்தின் மாயாக் வளாகத்தில் நேர்ந்தது இன்னும் கொடியது. ஒரு தொட்டியின் குளிர்விப்பு நின்றுபோனது. உள்ளிருந்த நைட்ரேட், அசிட்டேட் உப்புகள் உலர்ந்து சூடேறி 1957 செப்டம்பர் 29 அன்று வெடித்தன. 160 டன் எடையுள்ள காங்கிரீட் மூடி தூக்கி எறியப்பட்டது. கதிரியக்க மேகம் கிராமங்களின் மேல் படிந்து, மக்கள் வீடு நிலம் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இப்பேரிடர் பல ஆண்டுகள் உலகுக்கு மறைக்கப்பட்டது. திரவமாக வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் மனிதரின் கவனத்தையும் மின்சாரத்தையும் நம்பியிருக்கும் நாளே என்பதை மாயாக் காட்டியது. கழிவைத் திண்மமாக்கத் தூண்டிய அடிப்படைக் காரணம் இந்தச் சார்புதான்.

ஏன் கண்ணாடி

கழிவில் 40-க்கும் மேற்பட்ட தனிமங்கள் உள்ளன. அளவும் மின்னேற்றமும் வெவ்வேறான அவற்றை ஒரே படிகத்தில் அடுக்குவது கடினம். கண்ணாடியின் உள்ளமைப்பு ஒழுங்கற்றது. சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய வலையில் பல அளவு இடைவெளிகள் இருப்பதால் பலவகைத் தனிமங்களுக்கும் இடம் கிடைக்கிறது. போரான் ஆக்சைடைச் சேர்த்தால் உருகுநிலை குறையும். கண்ணாடி 1,100 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிவிட்டால் சீசியமும் ருத்தீனியமும் ஆவியாகித் தப்புவதும் குறையும். இதனால் போரோசிலிக்கேட் கண்ணாடியே பெரும்பாலான நாடுகளின் தேர்வாயிற்று. சோவியத் ஒன்றியம் மட்டும் பாஸ்பேட் கண்ணாடியைக் கைக்கொண்டு 1987-இல் மாயாக்கில் உலையைத் தொடங்கியது.

கண்ணாடி நெடுங்காலம் தாங்குமா என்பதற்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் சான்று தேடப்பட்டது. பிரான்சின் எம்பியே தீவை ஒட்டிக் கடலடியில் மூழ்கிய ரோமானியக் கப்பலில் கண்ணாடிக் கட்டிகள் கிடைத்தன. 1,800 ஆண்டு கடல்நீரில் கிடந்த அவற்றின் விரிசல்களில் படிந்த அரிப்புப் படலத்தை அந்நாட்டு அணுசக்தி ஆய்வாளர்கள் அளந்து, தங்கள் கணக்கீடுகளோடு ஒப்பிட்டார்கள்.

முதல் சோதனைகள்

கனடாவின் சாக் ரிவர் ஆய்வு நிலையத்தில் நெஃபிலின் சயனைட் என்ற பாறைப்பொடியோடு கழிவைக் கலந்து கண்ணாடி செய்தார்கள். 1958-இல் 25 கட்டிகளையும் 1960-இல் இன்னும் 25 கட்டிகளையும் உறையேதுமின்றி, நிலத்தடி நீர் ஓடும் மணலில் புதைத்தார்கள். பின்னர் ஆண்டுதோறும் அளந்தபோது நீரில் கலந்தது மிகச் சொற்பமே. ஆயினும் அக்கண்ணாடிக்குத் தேவைப்பட்ட உயர் வெப்பம் பெரிய உலைக்கு ஒத்துவரவில்லை.

பிரிட்டனின் ஹார்வெல்லில் 1960-களில் ஃபிங்கால் முறை உருவாயிற்று. கழிவும் கண்ணாடிப் பொருளும் ஊற்றப்படும் எஃகுக் கலமே உலையாகவும், உறைந்தபின் பெட்டியாகவும் இருந்தது. பிரான்சின் மார்கூலில் பிவேர் என்ற முன்னோடி உலை 1969-இல் இயங்கத் தொடங்கியது.

தொழிற்சாலை அளவில்

மார்கூலின் ஏவிஎம் ஆலை 1978 ஜூனில் தொடங்கியதே தொழில்முறைக் கண்ணாடியாக்கலின் தொடக்கம். அங்கே வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. சுழலும் சாய்வுக் குழாயில் கழிவு உலர்ந்து பொடியாகும். ருத்தீனியம் ஆவியாவதைக் குறைக்கச் சர்க்கரை போன்ற பொருள் சேர்க்கப்படும். அப்பொடி கண்ணாடி மணிகளோடு சேர்ந்து, மின்தூண்டலால் சூடாகும் உலோகக் கலத்தில் விழுந்து உருகும். இதே அமைப்பு பெரிதாக்கப்பட்டு லா ஹேக்கில் 1989-இலும் 1992-இலும் இரு ஆலைகளாயிற்று. பிரிட்டனும் தன் சொந்த முறையைக் கைவிட்டு, செல்லாஃபீல்டில் பிரெஞ்சு முறையையே ஏற்றது.

லா ஹேக்கில் உருளை நிரப்பும் காட்சியை அருகிருந்து பார்க்க எவராலும் இயலாது. தடித்த சுவருக்கு அப்பால், ஈயக் கண்ணாடிச் சன்னல் வழியாகவே பார்க்கலாம். 1.34 மீட்டர் உயரமுள்ள எஃகு உருளை உலையின் கீழ் வந்து நிற்கும். உலையின் அடிக்குழாயில் உறைந்திருக்கும் கண்ணாடிதான் அதன் அடைப்பு. குழாயைச் சூடேற்றியதும் அடைப்பு இளகி, தேன்போன்ற செந்தாரை இறங்கும். சூடு நிறுத்தப்பட்டதும் தாரை தானே உறைந்து வழி மூடும். ஒரு தடவைக்கு 200 கிலோவாக இரு தடவையில் 400 கிலோ நிறையும். பின்னர் இயந்திரக் கைகள் மூடியைப் பற்றவைத்து, மேற்பரப்பைக் கழுவி, துடைத்தெடுத்துச் சோதிக்கும். கவசமின்றி அதன் அருகே நிற்பவருக்குச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு உலைவைக்கும் அளவு கதிர்வீச்சு ஏறிவிடும்.

அமெரிக்கா செராமிக் உலையைத் தேர்ந்தது. செங்கல் சுவருக்குள் உருகிய கண்ணாடியின் ஊடாகவே மின்னோட்டம் பாய்ந்து அதைச் சூடாக்கும். பெல்ஜியத்தின் மோல் நகரிலும் பமேலா ஆலை 1985 முதல் 1991 வரை இவ்வழியில் இயங்கியது. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் வேலி 1996-க்கும் 2002-க்கும் இடையே 275 உருளைகளை வார்த்துத் தன் கழிவை முடித்தது. தென் கரோலினாவின் சவானா ரிவர் ஆலையும் 1996-இல் தொடங்கியது. அங்கே ஓர் உருளையின் உயரம் 3 மீட்டர். ஹான்ஃபோர்டிலோ 2002-இல் கட்டுமானம் தொடங்கியும், கழிவைக் கண்ணாடியாக்க 20 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

செராமிக் உலைக்கும் தொல்லை உண்டு. ருத்தீனியம், ரோடியம், பல்லேடியம் மூன்றும் கண்ணாடியில் எளிதில் கரையாமல் அடியில் படியும். படிவு மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுப்பதால் மேலுள்ள கண்ணாடிக்குச் சூடு குறையும், வடிகுழாயும் அடைபடும். ஜப்பானின் ரொக்காஷோவில் 2007-இல் தொடங்கிய சோதனை ஓட்டம் இக்காரணத்தால் பல ஆண்டு தடைபட்டது. இன்னொரு விடை குளிர்மூசை: கலத்தின் சுவரை நீரால் குளிர்வித்தால் அதையொட்டி மெல்லிய கண்ணாடித் தோல் உறையும், அத்தோலே உருகிய கண்ணாடியிடமிருந்து உலோகத்தைக் காக்கும். லா ஹேக் 2010-இல் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில்

டிராம்பேயில் 1964-இல் மறுசெயலாக்கம் தொடங்கியது. முதல் கண்ணாடியாக்க ஆலை 1985-இல் தாராப்பூரில் அமைந்தது. டிராம்பேயில் 2002-இல் அடுத்த ஆலை வந்தது. இரண்டிலும் மின்தூண்டலால் சூடாகும் உலோகக் கலங்களே இயங்கின. செராமிக் உலை அதன் பின்னர் தாராப்பூருக்கு வந்தது. கல்பாக்கத்தில் 1998-இல் மறுசெயலாக்க ஆலை தொடங்கியதை அடுத்து, அதன் கழிவுக்கான கண்ணாடியாக்க ஆலையும் அவ்வளாகத்திலேயே அமைக்கப்பட்டது.

டிராம்பேயின் பழைய கழிவில் சல்பேட் மிகுதி. வழக்கமான கண்ணாடியில் சல்பேட் சிறிதளவே கரையும். மிஞ்சியது மஞ்சள் நிற உப்பாகப் பிரிந்து மேலே மிதக்கும். அவ்வுப்பு சீசியத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்வதோடு நீரிலும் கரையும் என்பதால் மொத்த உழைப்பும் வீணாகிவிடும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் பேரியம் சேர்த்த போரோசிலிக்கேட் கண்ணாடியை உருவாக்கி இதைத் தீர்த்தார்கள். அம்மையம் பின்னர் கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்துக் கண்ணாடிக் குச்சிகளாக வார்த்தது. மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஏற்றும் இரத்தத்தைக் கதிரால் பதப்படுத்தும் கருவிகளுக்கு அவை பயன்படுகின்றன.

காப்புரிமை ஆய்வு

பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் ஜி21எஃப் 9 என்ற தொகுதி கதிரியக்கக் கழிவைக் கையாளுதலைக் குறிக்கும். அதன் 9/16 என்ற பிரிவில் திரவக் கழிவை நிலையான திண்மப் பொருளில் பிணைக்கும் முறைகள் அடங்கும். ஆனால் ஆய்வாளர் அப்பிரிவில் மட்டும் தேடினால் போதாது. கண்ணாடித் தொழிலின் உலைகளைக் கூறும் சி03பி பிரிவையும் அலச வேண்டும். உருகிய கண்ணாடியில் மின்னோட்டம் செலுத்திச் சூடாக்குவது அத்தொழிலில் பல காலமாக அறிந்த முறை. ஆகவே “மின்சாரத்தால் கண்ணாடி உருக்கிக் கழிவைச் சேர்ப்பது” என்று மட்டும் உரிமை கோரினால், துறை வல்லுநருக்கு அது வெளிப்படையானது என்ற ஆட்சேபம் எழும்.

புதுமை தங்கியிருப்பது சிறு உறுப்புகளில்தான்: உலோகப் படிவு வழுகி வெளியேறும்படி சாய்ந்த அடித்தளம், மனிதக் கை படாமல் கழற்றி மாற்றத்தக்க மின்முனை, ஆவியான ருத்தீனியத்தைப் பிடித்து மீண்டும் உலைக்கு அனுப்பும் புகைவழி, குறிப்பிட்ட கழிவுக்கென வரையறுத்த கலவை. கலவைக்கு உரிமை கோருவோர் ஒவ்வொரு ஆக்சைடுக்கும் விழுக்காட்டு எல்லை தருவர். அவ்வெல்லைகள் முன்பே வெளியான கலவையைத் தொடுகின்றனவா என்று ஆய்வாளர் வரி வரியாக ஒப்பிடுவார். உண்மையான கழிவைக் கையாளுவது அரிது என்பதால் சோதனைகள் பெரும்பாலும் கதிரியக்கமற்ற மாற்றுக் கலவைகளில் நடக்கும். அத்தரவு கோரிக்கையின் முழு அகலத்தையும் தாங்குமா என்பதும் ஆய்வின் பகுதி. கண்ணாடிக்கு மாற்றாக ஆஸ்திரேலியாவின் டெட் ரிங்வுட் 1978-இல் முன்வைத்த சின்ராக் என்ற செயற்கைப் பாறை, போட்டி முறையாக இவ்வாவணங்களில் அடிக்கடி எதிர்ப்படும்.

சட்டத்தின் எல்லைகள்

அமெரிக்காவின் 1946-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் அணுசக்திக் கண்டுபிடிப்புகளைப் பெரும்பாலும் காப்புரிமைக்கு வெளியே வைத்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடையை ஆயுதங்களோடு நிறுத்திக்கொண்டது. அதன்பின் அரசுப் பணத்தில் உருவான கண்ணாடியாக்க நுட்பங்கள் பலவும் அந்நாட்டு எரிசக்தித் துறையின் பெயரில் காப்புரிமையாகி, அச்சில் வெளிவந்தன.

இந்தியா வேறு வழி சென்றது. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அணுசக்தியின் ஆக்கம், கட்டுப்பாடு, பயன்பாடு, அகற்றல், கதிரியக்கப் பொருளின் பதப்படுத்தல், பாதுகாப்பு ஆகியவை சார்ந்தவை என மத்திய அரசு கருதும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கூடாது என வகுத்தது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதையே வழிமொழிந்தது. இதன்கீழ், கழிவைக் கண்ணாடியாக்கும் உலைக்கான விண்ணப்பம் எவ்வளவு புதுமையானதாயினும், புதுமையை எடைபோடும் முன்பே விலக்கப்படக்கூடியதாயிற்று. இந்திய விஞ்ஞானிகளின் பணி பெரும்பாலும் உரிமை ஆவணங்களாக அமையாமல், ஆய்விதழ்க் கட்டுரைகளாகவே வெளிவந்தது.

மதிப்பீடு

காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. ஹான்ஃபோர்டில் கட்டுமானத்துக்கே அதைவிட நீண்ட காலம் ஆனது. சீசியம்-137 பாதியாகக் குறையவும் அதைவிட நீண்ட காலம் வேண்டும். எனவே இத்துறையில் தனியுரிமையால் வரும் வருவாய் பெரிதன்று. அதற்கு ஈடாக எழுதிவைக்கப்படும் முழு விவரமே பெரிது. எந்த உருளையில் என்ன கலவை, எவ்வெப்பத்தில் உருகியது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்பன பல தலைமுறைக்குப் பின் அதைத் திறக்கவோ நகர்த்தவோ நேரும் ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். மாயாக்கில் மறைத்தது மக்களைக் காக்கவில்லை. வார்த்த கண்ணாடி உறுதியாக இருப்பது போலவே, அதைப் பற்றிய எழுத்தும் தெளிவாக, எல்லோருக்கும் எட்டும்படி இருப்பது இந்நுட்பத்தின் கடமை.