பழந்துப்பாக்கியும் பொய்ச் சாட்சியும்

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடைபெற்ற ஏலமொன்றில், 1847 இல் செய்யப்பட்ட ஒரு கைத்துப்பாக்கி 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. 'கோல்ட் வோக்கர்' என்பது அதன் பெயர். சுடுவதற்காக எவரும் அந்த விலை கொடுப்பதில்லை. வேட்டொலிக்கு அஞ்சிப் பதுங்கிய நினைவு இன்னும் மறையாத நம்மவரிடம், இப்படியொரு பொருளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பேணுவதற்கு மனிதர் போட்டியிடுகிறார்கள் என்று சொன்னால் முகஞ்சுளிப்பர். அந்த முகச்சுளிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் பழந்துப்பாக்கி சேகரிப்போரின் உலகைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அங்கு ஆயுதத்தைவிட அதிகமாக விவாதிக்கப்படுவது சாட்சியத்தின் நம்பகமே என்பது புலப்படும். பொருள் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதா, விற்பவர் அதைப் பற்றிச் சொல்வதை நம்புவதா என்பதே அவர்களின் அன்றாடக் கேள்வி. பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்கு இது பழகிய கேள்விதான்.

தொப்பியும் சுழல் உருளையும்

முதலில் இந்தத் துப்பாக்கியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 18 ஆம் நூற்றாண்டின் துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியை நம்பியிருந்தன. மழையில் மருந்து நனைந்துவிடும். விசையை அழுத்தியதும் வெளியே தெறிக்கும் ஒளியைக் கண்டு பறவைகள் பறந்துவிடும். வேட்டைப் பிரியரான அலெக்சாண்டர் ஜோன் ஃபோர்சைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் இதனால் சலிப்புற்று, அடித்தால் வெடிக்கும் இரசாயன உப்பைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டறிந்து 1807 இல் காப்புரிமை பெற்றார். அந்த உப்பைச் சிறிய செப்புத் தொப்பிக்குள் அடைத்து, துப்பாக்கியின் காம்பில் பொருத்தும் முறை பின்னர் வந்தது. சுத்தியல் தொப்பியில் விழும். தீ காம்பின் துளைவழியே உள்ளே பாயும். சிறுவர்கள் வெடித்து விளையாடும் பொட்டுவெடியின் தத்துவமும் இதுதான்.

இந்தத் தொப்பி இல்லாவிடின் சுழல் துப்பாக்கி நடைமுறைக்கு வந்திருப்பது கடினம். கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்போர்ட் நகரில் 1814 இல் பிறந்த சாமுவல் கோல்ட், 1836 பெப்ரவரி 25 இல் தமது சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை நெம்புகோலால் அழுத்தி, பின்புறக் காம்பில் தொப்பியைப் பொருத்த வேண்டும். சுத்தியலைப் பெருவிரலால் பின்னிழுக்கும்போது உருளை ஓர் அறை தூரம் சுழன்று நிற்கும். நியூஜேர்சியின் பற்றர்சன் நகரில் அவர் தொடங்கிய தொழிற்சாலை வாங்குவோர் இன்றி 1842 இல் மூடப்பட்டது.

அவரை மீட்டது போர். மெக்சிக்கோவுடன் அமெரிக்கா போர் தொடுத்திருந்த வேளையில், டெக்சாஸ் ரேஞ்சர் படையிலிருந்து வந்த கப்டன் சாமுவல் வோக்கர், குதிரைப் படைக்கு ஏற்ற வலிய துப்பாக்கியைக் கேட்டார். 1847 ஜனவரியில் 1,000 துப்பாக்கிகளுக்கு அரச கேள்வி கிடைத்தது. தொழிற்சாலையே இல்லாத கோல்ட், எலி விட்னியின் மகனது ஆலையில் அவற்றைச் செய்வித்தார். தனியாருக்கெனச் செய்த 100 உட்பட மொத்தம் 1,100. ஒவ்வொன்றும் சுமார் இரண்டு கிலோ எடை. மருந்தின் அளவு மிகுதியாக இருந்தமையால் பல உருளைகள் வெடித்துச் சிதறின. கப்டன் வோக்கர் அவ்வாண்டு ஒக்டோபர் 9 ஆம் திகதி ஹுவமந்த்லாவில் கொல்லப்பட்டார். அவரது பெயரைத் தாங்கிய துப்பாக்கி அரிதாகியதற்கும் விலை ஏறியதற்கும் அடிப்படை இதுவே: செய்யப்பட்டவை சில, எஞ்சியவை அதனினும் சில.

அதற்கு மாறானது 1851 இன் 'நேவி' மாதிரி. ஹாட்போர்ட்டில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமாகவும், 1853 முதல் 1856 வரை லண்டன் பிம்லிக்கோவில் இயங்கிய கோல்ட்டின் ஆலையில் நாற்பதினாயிரத்துக்கும் அதிகமாகவும் அது செய்யப்பட்டது. லண்டனில் அதற்குப் போட்டியாக நின்றவர் ரொபேர்ட் அடம்ஸ். அவரது துப்பாக்கியின் சட்டகம் மேற்பட்டையோடு ஒரே துண்டாக அமைந்தது. விசையை இழுத்தாலே சுத்தியல் எழுந்து விழும். உலோகத் தோட்டா வந்த பின்னும் செப்புத் தொப்பி அமெரிக்காவில் நீடித்தமைக்குச் சட்டமும் காரணம். பின்புறம் முழுதும் துளைத்த உருளைக்கு ரொலின் வைற் 1855 இல் பெற்ற காப்புரிமை, ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தின் கையில் 1869 வரை இருந்தது. அது காலாவதியானதும் ஆயிரக்கணக்கான பழைய துப்பாக்கிகள் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி அமைக்கப்பட்டன. மாற்றப்படாமல் தப்பியவற்றையே இன்று சேகரிப்போர் தேடுகின்றனர்.

இரும்பை விசாரித்தல்

இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஒரே மாதிரியில் ஒன்று சில நூறு டொலருக்கும் மற்றொன்று பல்லாயிரம் டொலருக்கும் போவதேன்? இங்குதான் மதிப்பீட்டாளரின் வேலை தொடங்குகிறது.

எதற்கும் முன்னர் அவர் செய்வது, உருளைக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. நூற்றைம்பது ஆண்டு பரணில் கிடந்த துப்பாக்கிகளில் குண்டு ஏற்றியபடியே இருந்தவை உண்டு. கரும்மருந்து உலர்ந்திருந்தால் இன்றும் வெடிக்கும்.

அடுத்தது தொடரிலக்கம். கோல்ட் துப்பாக்கியின் குழல், சட்டகம், விசைக்காப்பு, கைப்பிடியின் பின்பட்டை, உருளை ஆகியவற்றில் ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டகம் ஓர் இலக்கமும் உருளை வேறோர் இலக்கமும் சொன்னால், இரண்டு துப்பாக்கிகள் ஒன்றாகியிருக்கின்றன என்பது பொருள். போர்க்களத்தில் சிப்பாய் மாற்றியிருக்கலாம். கடைக்காரர் மாற்றியிருக்கவும் கூடும். பின்னர் குழலின் மேலுள்ள முகவரி. நியூயோர்க் முகவரி ஒரு கதை சொல்லும்; லண்டன் முகவரி வேறொன்று சொல்லும். லண்டன் எனப் பொறிக்கப்பட்ட துப்பாக்கியில் பிரித்தானியச் சோதனை முத்திரைகள் இல்லையெனில் சந்தேகம் எழ வேண்டும்.

மூன்றாவது, உருளையில் உள்ள சித்திரம். நேவி மாதிரியின் உருளையைச் சுற்றி, டெக்சாஸ் கடற்படை மெக்சிக்கோவின் கப்பல்களோடு 1843 மே 16 இல் பொருதிய காட்சி மெல்லிய கோடுகளால் பதிக்கப்பட்டிருக்கும். உறையில் உரசியும் கையில் பட்டும் இந்தக் கப்பல்கள் மெல்லத் தேயும். முதலில் மேடான இடம் தேயும், பள்ளம் தப்பும். தேய்மானத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மண்கடதாசியால் தேய்த்து மினுக்கியவனின் கை அந்த ஒழுங்கை அறியாது. எல்லாவற்றையும் ஒரே அளவில் அழித்துவிடும். எழுத்துகளின் கூர் மழுங்கும், குழலின் விளிம்புகள் உருண்டுபோகும்.

அமெரிக்கத் தேசிய றைபிள் சங்கத்தின் தர வகுப்பு இதனை எண்ணாகவே சொல்கிறது. பழந்துப்பாக்கியின் மூலப்பூச்சில் 80 சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தால் அது 'மிகச் சிறந்தது'. 30 சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தாலே 'சிறந்தது' என்னும் வகுப்பில் சேரும். வீட்டில் பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கியைப் 'புதிதாக்கி' விற்க நினைத்து இரும்புக் கம்பித் தூரிகையை எடுப்பவர், அரை மணி நேரத்தில் அதன் பெறுமதியின் பெரும்பகுதியைத் தரையில் கொட்டிவிடுகிறார். நமது கோயில்களில் பழஞ்சுவர்களை மணல்வீச்சுப் பொறியால் 'சுத்தம்' செய்து கல்வெட்டுகளைத் தொலைத்த கதையை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பித்தளைச் சட்டகத்தின் பின்னால்

சேகரிப்போர் பெரிதும் ஆசைப்படும், பெரிதும் ஏமாறும் துப்பாக்கி ஒன்று உண்டு. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஆயுத ஆலைகளில் பெரும்பாலானவை வடக்கில் இருந்தன. தெற்கு தட்டுப்பாட்டில் தவித்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் கிறிஸ்வோல்ட்வில் என்ற ஊரில் பருத்தி அரைக்கும் பொறிகளைச் செய்துவந்த சாமுவல் கிறிஸ்வோல்ட், 1862 இல் தமது ஆலையைத் துப்பாக்கி ஆலையாக மாற்றினார். கோல்ட் நேவியின் பிரதிதான். ஆனால் உருக்கு கிடைக்காமையால் சட்டகம் பித்தளையில் வார்க்கப்பட்டது. 1864 நவம்பரில் வடபடையின் குதிரைவீரர்கள் ஆலையை எரிக்கும் வரை சுமார் 3,700 துப்பாக்கிகள் வெளிவந்தன.

அவற்றைச் செய்த கைகள் யாருடையவை? அந்த ஆலையின் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். தம்மை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்ட படைக்கு அவர்கள் துப்பாக்கி கடைந்தார்கள். கோல்ட்டின் துப்பாக்கியில் கோல்ட்டின் பெயர் இருக்கிறது. இவற்றிலோ தொடரிலக்கமும் சில மறைகுறிகளும் மட்டுமே உள்ளன. ஏலப் பட்டியலில் 'தெற்கின் வீரச் சின்னம்' என்று விற்கப்படும் பொருளின் பித்தளையில், பெயரற்ற அந்தக் கைத்தொழிலாளியின் அரத்தின் தடமும் இருக்கிறது. மதிப்பீட்டாளர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடுவது அந்தத் தடத்தைத்தான். ஏனெனில் போலி செய்பவனால் எளிதில் போலி செய்ய முடியாதது அதுவே.

போலி எங்கிருந்து வந்தது? உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களின் இறுதியில், இத்தாலியின் பிரெஸ்சியா மாகாணத்துத் துப்பாக்கித் தொழிலகங்கள் பழைய மாதிரிகளைப் புதிதாகச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கின. அது நேர்மையான வணிகமே. இத்தாலியச் சோதனை முத்திரைகள் அவற்றில் தெளிவாக உண்டு. பின்னர் சிலர் அந்த முத்திரைகளை அராவி எடுத்து, அமிலத்தில் தோய்த்துத் துருவேற்றி, பழைய பரணில் கிடைத்ததாகக் கதைகட்டினர். பித்தளைச் சட்டகம் இதற்கு வாய்ப்பானது. ஆனால் அமிலத் துரு எங்கும் ஒரே நிறமாகப் படரும். கைப்பிடி மரத்தின் அடியிலும், கை படாத மூலையிலும் காலம் வேறு நிறத்தை இட்டிருக்க வேண்டும். முத்திரையை அராவிய இடம் சிறு பள்ளமாகத் தெரியும்.

மதிப்பிடுபவரை மதிப்பிடல்

பொருளை விசாரிப்பதோடு வேலை முடியவில்லை. மதிப்பிடுபவரையும் விசாரிக்க வேண்டும். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற தொல்பொருள் நிகழ்ச்சியில் போர்க்காலப் பொருட்களை மதிப்பிட்டுவந்த இருவர் மீது 2001 இல் மோசடிக் குற்றம் சுமத்தப்பட்டது. இருவரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். கெற்றிஸ்பேர்க் போரில் பங்குகொண்ட தளபதி பிக்கெட்டின் வழித்தோன்றல் ஒருவரிடமிருந்து, குடும்பத்தில் பேணப்பட்ட பொருட்களைக் குறைத்து மதிப்பிட்டு வாங்கி, அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு விலைக்கு விற்றிருந்தமை அந்த வழக்கில் வெளியாயிற்று. மதிப்புச் சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால், அவர் வாயிலிருந்து வருவது மதிப்பீடாகாது, பேரம் ஆகும். ஆகவே இன்று அனுபவசாலிகள், பொருளை வாங்கும் எண்ணமற்ற ஒருவரிடம் கட்டணம் கொடுத்து எழுத்தில் மதிப்புப் பெறும்படி அறிவுறுத்துகின்றனர். நாட்டுக்கு நாடு ஆயுதச் சட்டம் வேறுபடுவதையும் மறத்தலாகாது. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் 1898 இலும் அதற்கு முன்பும் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது; வேறிடத்தில் அதே பொருள் ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம்.

சேகரிப்போரிடையே ஒரு பழமொழி உண்டு: கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு. எல்லைப்புறச் சண்டியராகப் பேரெடுத்த வைல்ட் பில் ஹிக்கொக் தந்தப்பிடி போட்ட இரு நேவி துப்பாக்கிகளை வைத்திருந்தார் என்பது உண்மை. தந்தப்பிடி போட்ட ஒவ்வொரு நேவியும் அவருடையதென்பது உண்மையாகாது.

தொடக்கத்தில் சொன்ன வோக்கர் துப்பாக்கிக்குத் திரும்புவோம். அது தனியாருக்கெனச் செய்யப்பட்ட நூற்றில் ஒன்று. டென்மார்க் நாட்டுக் கப்பல் தலைவர் ஒருவர் வாங்கிச் சென்றது. மூலப் பேழையோடு இன்றும் சேர்ந்திருப்பதாக அறியப்பட்ட ஒரே வோக்கர் அதுதான். இலக்கமும், பேழையும், கைமாறிய வரலாறும் ஒன்றையொன்று மறுக்காமல் நின்றமையாலேயே அந்த விலை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் உறுதிசெய்யாமல் அச்சுக்கு அனுப்பாதே என்று இளம் செய்தியாளருக்குச் சொல்வோம். பழந்துப்பாக்கிக்கும் அதே விதிதான். போரைப் பற்றி வாய்கள் எத்தனையோ சொல்லும். அதனால்தான் போரில் எஞ்சிய பொருட்களை மினுக்காமல், திருத்தாமல், கிடைத்தபடியே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.