சுத்தியல்காரர் தொடங்கிய ஆய்வகம்

மகாராஜபுரம் என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு விஸ்வநாத ஐயரும் சந்தானமும்தான் நினைவுக்கு வருவார்கள். பழைய தஞ்சை மாவட்டத்து அந்த ஊரில் 1898-ல் பிறந்த எம்.எஸ்.கிருஷ்ணன் போனது பாறையின் பக்கம். வண்டல் மண்ணில் பிறந்தவர், 1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு 1951-ல் இயக்குநரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். 1943-ல் வெளிவந்த அவருடைய இந்திய, பர்மிய நிலவியல் நூல்தான் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடப்புத்தகம்.

அவர் தலைமுறையின் ஆயுதங்கள் சுத்தியல், லென்ஸ், திசைகாட்டி. ஹைதராபாத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் கருங்கல் குண்டுகளில் ஒன்றைத் தட்டி, உடைந்த முகத்தில் லென்ஸை வைத்தால், இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிபோல் குவார்ட்ஸ், கறுப்புப் பொட்டுகளாக மைக்கா எல்லாம் தெரியும். பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆனால், அதற்குப் பத்து கிலோமீட்டர் கீழே என்ன இருக்கிறது? அங்கே சுத்தியல் எட்டாது.

சுதந்திர இந்தியாவுக்கோ எண்ணெய் வேண்டும், கனிமம் வேண்டும், நிலத்தடி நீர் வேண்டும். தோண்டாமலே நிலத்தின் உள்ளே பார்க்க ஓர் ஆய்வகம் தேவைப்பட்டது. அப்படித்தான் 1961 அக்டோபர் 11 அன்று, அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் (என்.ஜி.ஆர்.ஐ.) ஹைதராபாத்தில் பிறந்தது. முதல் இயக்குநர் கிருஷ்ணன். அப்போது அவருக்கு வயது 63.

இங்கே பாறையைப் படிக்கும் விதமே வேறு. ஈர்ப்புமானி என்றொரு கருவி. உள்ளே சுருள்வில்லில் தொங்கும் சிறு எடை. அடியில் கனமான பாறை இருந்தால் வில் இம்மியளவு கூடுதலாக நீளும். புவியீர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலும் அது சொல்லிவிடும். இத்தகைய அளவீடுகளைத் தொகுத்து, 1975-ல் இந்தியாவின் ஈர்ப்பு வரைபடங்களை நிறுவனம் வெளியிட்டது.

1964-ல் ஹரி நாராயண் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதி குலுங்கியது. ரிக்டர் அளவில் 6.3, சுமார் 200 பேர் இறந்தார்கள். தேக்கிய நீரே பூகம்பத்தைத் தூண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடி, அன்று முதல் இந்த ஆய்வகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே அளந்துகொண்டிருக்கிறார்கள்.

கருவிகளின் காலம் வந்ததும் சுத்தியல் காலாவதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கருவி தருவது எண். அந்த எண்ணுக்கு உரிய பாறை எது என்று சொல்ல, பாறையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் வேண்டும். புவி இயற்பியல் ஆய்வகத்தை ஒரு நிலவியலாளர் தொடங்கிவைத்தது பொருத்தமே. இன்று ஹைதராபாத் மெட்ரோவில் ஒரு நிலையத்துக்கே என்.ஜி.ஆர்.ஐ. என்றுதான் பெயர். அந்த வழியாகப் போகிற தமிழர்கள் கிருஷ்ணனின் பெயரையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.