வெள்ளை வேனின் கடைசி ஓட்டம்

1980இல் எல் சால்வடோரின் லா லிபர்டாட் பகுதியில் ஒரு வெள்ளை டொயோட்டா வேன் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர்கள் அமெரிக்கர்கள் இருவர்: உர்சுலைன் சபைச் சகோதரி டாரத்தி கேசல், துறவறம் ஏற்காத 27 வயது ஊழியர் ஜீன் டோனவன். படையினருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்களை முகாம்களில் கொண்டு சேர்ப்பதும், அவர்களுக்கு உணவும் மருந்தும் ஏற்றிப் போவதும்தான் வண்டியின் வேலை. திருப்பலி நேரத்திலேயே பேராயர் ரொமேரோவைச் சுட்டுக் கொன்றிருந்த நாடு அது. ஏழைக்குச் சோறு கொண்டுபோனாலே கம்யூனிஸ்ட் என்று பெயர் வாங்கிவிடலாம்.

டிசம்பர் 2 அன்று வேன் விமான நிலையத்துக்கு இரண்டு தடவை போனது. நிகராகுவாவின் மானாகுவாவிலிருந்து திரும்பிய மேரிநோல் சபைச் சகோதரிகள் நால்வரும் ஒரே விமானத்தில் வரவில்லை. பிற்பகலில் இருவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இட்டா ஃபோர்டையும் மோரா கிளார்க்கையும் கூட்டிவர மாலையில் டாரத்தியும் ஜீனும் மறுபடி கிளம்பினார்கள். இட்டா ஆகஸ்டில்தான் ஆற்று வெள்ளத்தில் சிக்கிய ஜீப்பிலிருந்து பிழைத்தவர். ஜன்னல் வழியே அவரை வெளியே தள்ளிவிட்ட சகோதரி கார்லா பியெட் வெள்ளத்தோடு போய்விட்டார்.

திரும்பும் வழியில், சாதாரண உடையில் காத்திருந்த தேசியக் காவல்படையினர் ஐவர் வேனை மடக்கினார்கள். ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோய், வன்கொடுமை செய்து, வேனில் இருந்த நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள். வண்டியை வேறொரு சாலையோரத்தில் கொளுத்தினார்கள். மறுநாள் காலை உடல்களைக் கண்ட சந்தியாகோ நோனுவால்கோ ஊரார், அதிகாரிகள் சொன்னபடி ஒரே குழியில் புதைத்தார்கள். டிசம்பர் 4 அன்று குழியைத் தோண்டியபோது அமெரிக்கத் தூதர் ராபர்ட் ஒயிட் பக்கத்தில் நின்றார். டாரத்தியும் ஜீனும் டிசம்பர் 1 இரவு தங்கியது அவர் வீட்டில்தான்.

எரிந்த வண்டியிலும் கைரேகை தப்பியிருந்தது. 1981 ஏப்ரலில் கைதான காவல்படையினரில் ஒருவருடையதோடு அது ஒத்துப்போனது. ஆனாலும் வழக்கு இழுத்தடிக்கப்பட்டு, 1984 மே மாதம்தான் ஐவருக்கும் தலா 30 ஆண்டுச் சிறை கிடைத்தது.

வேன் காட்டிக்கொடுத்தது தன்னைத் தொட்டவர்களை மட்டும். மேலிருந்தவர்கள் எந்த வண்டியையும் தொடவில்லையே! கொலை மேலிட உத்தரவின்படி நடந்தது என்றும், காவல்படைத் தலைவர் விடெஸ் காசனோவா அதை மூடிமறைக்கத் துணைபோனார் என்றும் ஐ.நா. உண்மை ஆணையம் 1993 மார்ச் 15 அன்று அறிக்கை தந்தது. ஐந்தே நாளில் எல் சால்வடோர் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுவிட்டது. இதற்கிடையில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்து முடித்துவிட்ட விடெஸ் காசனோவா ஃபுளோரிடாவில் குடியேறியிருந்தார். கொலையுண்டவர்களின் சொந்த நாட்டில்தான்! அமெரிக்கா அவரை வெளியேற்றியது 2015இல்.