பாட்டுக்குப் பிரஜாவுரிமை உண்டா?



எழுபதுகளில் ஒருநாள் ஹட்டனிலிருந்து கொழும்புக்குக் கோச்சியில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஒரு சிறிய டிரான்சிஸ்டர். அதில் பழைய தமிழ்ப் படப்பாடல் ஒன்று ஒலித்தது. எதிரே இருந்தவர் நகரத்து உத்தியோகத்தர், தமிழர்தான். சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இருப்பது இங்கே, கேட்பது இந்தியப் பாட்டு. பிறகு எப்படி உங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுப்பார்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டேன். அப்படி அணைத்தது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? சென்னையிலிருந்து அல்ல, கொழும்பிலிருந்து. எங்கள் தோட்டத்துக்கு முதலில் வந்த ரேடியோப் பெட்டி கடைக்கார முதலாளியுடையது. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள் கடை வாசலில் கூடையை இறக்கிவைத்து, இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் லயத்துக்குப் போவார்கள். எங்களுக்குக் கேட்டதெல்லாம் இலங்கை வானொலி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலங்கை வானொலி 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தேசத்தின் இசை ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. இந்திய நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' வடக்கே வீடுவீடாகக் கேட்டது. தமிழகத்திலோ எஸ்.பி. மயில்வாகனனின் குரலுக்கு மயங்காதவர் குறைவு. 1957இல் 'விவித பாரதி'யைத் தொடங்கித்தான் இந்தியா தன் நேயர்களைத் திருப்பி அழைக்க வேண்டியிருந்தது. ஆக, தன் நாட்டுப் பாட்டைக் கேட்க இந்தியர்கள் அயல்நாட்டு வானொலியை நாடினார்கள். தேசபக்தி இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் நாடு கடத்தவில்லை.

இங்கே சிங்கள இசையின் கதையையும் பாருங்கள். நமது தேசிய கீதத்தை ஆக்கிய ஆனந்த சமரக்கோன் சாந்திநிகேதனில் பயின்றவர். அமரதேவ லக்னோவில் பாத்கண்டே கல்லூரியில் கற்றவர். அதே கல்லூரியில் கற்ற சுனில் சாந்த, சிங்களப் பாட்டுக்குத் தனி வழி வேண்டும் என்றார். 1952இல் வானொலிப் பாடகர்களைத் தரம் பிரிக்க இந்தியாவிலிருந்து ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டபோது, அந்தத் தேர்வுக்குப் போக மறுத்து, வானொலி வாய்ப்பையே இழந்தார். சிங்களப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அன்று பெரிய விவாதம் நடந்தது. ஆனால் லக்னோவில் ராகம் கற்றவரிடம், "நீர் இந்த நாட்டவர்தானா?" என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி லயத்து மனிதனுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

எங்களுக்குச் சொந்தப் பாட்டு இல்லாமலும் இல்லை. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் கடல் கடந்து வந்தவைதான். ஆனால் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கங்காணியும் துரையும் கொழுந்துக் கூடையும் வந்து புகுந்துகொண்டார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் இருப்பது இந்த மலையின் குளிரும் பசியும்தான். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகமும் அப்படியே. மக்கள் அறிந்த மெட்டுக்களில் அவர் கேட்டது, இந்த நாட்டில் வாழும் உரிமையை. மெட்டு எங்கே பிறந்தது என்பதை மட்டும் பார்ப்பவர், பாட்டு எதைக் கேட்கிறது என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கோச்சி புறப்படும்போது ஹட்டன் ஸ்டேசனில் எழுந்த ஒப்பாரிக்கு எந்த ஒலிபரப்பும் தேவைப்படவில்லை.

அந்தக் கோச்சியில் என் சித்தப்பாவும் போனார். தலைமன்னார், இராமேஸ்வரம், பிறகு நீலகிரியில் கோத்தகிரி. அங்கும் தேயிலை, அங்கும் லயம், அங்கும் பனி. ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது.

"இங்கே எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள். வேலை முடிந்ததும் நம்ம ரேடியோவைத்தான் போடுகிறேன். 'பொங்கும் பூம்புனல்' கேட்டால் நம்ம இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், இந்தியாவுக்கு வந்த பிறகும் ஏன் சிலோனைக் கேட்கிறாய் என்று."

நேயர்களே, அதே நிலையம், அதே பாட்டு. ஹட்டனில் அது இந்தியப் பாட்டு; கோத்தகிரியில் அது சிலோன் பாட்டு. இரண்டு இடத்திலும் குற்றம் கேட்டவன் மேல்தான். பாட்டு ஒருபோதும் மாறவில்லை. கேட்கிற மனிதனை அந்நியனாக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டால், அதற்குச் சாட்சியாக அவன் பாட்டையும் சோற்றையும் உடுப்பையும் எடுத்துக்கொள்ளலாம்.

2003இல் நிறைவேறிய சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. சித்தப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. கடைசிவரை அவருடைய ரேடியோவின் முள் கொழும்பிலேயே நின்றதாக அவர் மகள் சொன்னாள்.

கோச்சியில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவருக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் சிறியது. ஐயா, நாங்கள் கேட்டது எங்கள் நாட்டு வானொலியை. அன்று நான் அதை அணைத்திருக்கக் கூடாது.