அரும்பொருளகம் தன் பொருளை விற்கலாமா?

அரும்பொருளகத்தில் உள்ள சிலை என்றைக்கும் அங்கேயே இருக்கும்னு நினைக்கிறீங்களா? பிரிட்டனின் நார்த்தாம்ப்டன் நகரில் அப்படி நடக்கவில்லை.

என்ன விற்றார்கள்?

செகெம்கா என்ற எகிப்திய எழுத்தரின் சுண்ணாம்புக்கல் சிலை. வயது 4,000 ஆண்டுக்கும் மேல். 2014 ஜூலையில் நகர மன்றம் அதை லண்டனில் ஏலம் விட்டது. விலை சுமார் 15.76 மில்லியன் பவுண்டு. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை.

ஏன்?

அரும்பொருளகத்தை விரிவாக்கப் பணம் வேண்டுமாம்.

அதில் என்ன தப்பு?

விற்கவே கூடாதுன்னு இல்லை. ஆனால் முதலில் வேறோர் அரும்பொருளகத்திடம் கேட்பதுதான் வழக்கம். அப்போதுதான் நீங்களும் நானும் தொடர்ந்து பார்க்கலாம். பணத்துக்காக விற்பது கடைசி வழி.

விளைவு?

இங்கிலாந்துக் கலை மன்றம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. சில மானியங்களுக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் போச்சு. எகிப்தும் எதிர்த்தது. ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை வந்தது. தடைக்காலத்தில் பிரிட்டனுக்குள் வாங்க யாரும் முன்வரவில்லை. 2016இல் சிலை நாட்டைவிட்டுப் போனது.

விரிவாக்கப்பட்ட அரும்பொருளகம் 2021இல் மீண்டும் திறந்தது. நீங்கள் போய்ப் பார்க்கலாம். செகெம்கா மட்டும் அங்கே இல்லை.