நாகப்பட்டினம் ரயில்பாதை வரலாறு

நாகப்பட்டினம் ரயில்பாதை காவிரிப் படுகையில் போடப்பட்ட முதல் ரயில்பாதை. 1861-ல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே தொடங்கி, 1862-ல் திருச்சிராப்பள்ளியையும் 1868-ல் ஈரோட்டையும் அடைந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி இதைப் போட்டது. சென்னையோடு தொடர்பில்லாமல், ஒரு சிறு துறைமுகத்தைத் தலைவாசலாகக் கொண்டு உள்நாடு நோக்கி வளர்ந்தது இதன் தனிச்சிறப்பு. முதலில் அகலப்பாதையாகவும், பின்னர் மீட்டர்பாதையாகவும், நம் காலத்தில் மீண்டும் அகலப்பாதையாகவும் இது மாறியிருக்கிறது. நாகையின் வாணிகம் உயர்ந்ததையும் தளர்ந்ததையும் இந்த மாற்றங்களோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள முடியும்.

துறைமுகப் பின்னணி

நாகை சோழர்களின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்று. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் இங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் பள்ளிச்சந்தமாக விடப்பட்டதை, இன்று லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் பட்டயம் சொல்கிறது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-ல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் இருந்த சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தைப் பிற்பாடு இங்கே மாற்றிக்கொண்டனர். 1781-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1799 முதல் 1845 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைநகராகவும் இருந்தது.

பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இத்துறைமுகத்தில் ஆழம் போதாது. அவை கடலில் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். கடுவையாற்று முகத்துவாரத்திலிருந்து படகுகள் சரக்கையும் ஆட்களையும் கப்பலுக்குக் கொண்டுசெல்லும். இக்குறை இருந்தும் இலங்கைக்கு அரிசியும், பினாங்கு, சிங்கப்பூருக்குத் துணியும் இங்கிருந்து தொடர்ந்து போயின. ரயில் கம்பெனிக்குத் துறைமுகத்தின் கட்டமைப்பைவிட அதன் பின்னால் விரிந்திருந்த நெல்வயல்களே முக்கியமாகப் பட்டன.

கம்பெனியும் முதற்பாதையும்

கிரேட் சதர்ன் கம்பெனி 1853-ல் இங்கிலாந்தில் உருவானது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருமானத்தை அரசு உறுதிசெய்யும் ஏற்பாட்டின்கீழ் அது இயங்கியது. பாதையில் லாபம் வராவிட்டாலும் பங்குதாரருக்குப் பணம் போய்ச் சேரும்; குறையை ஈடுசெய்தது இந்நாட்டு மக்களின் வரிப்பணம்.

காவிரிப் படுகைக்கு ரயில் தேவையா, கால்வாய்ப் போக்குவரத்துப் போதுமா என்ற விவாதம் அந்நாளில் இருந்தது. கொள்ளிடத்தில் அணை கட்டிப் படுகையைச் செழிக்கச்செய்த ஆர்தர் காட்டன், இந்தியாவுக்கு ரயிலைவிடப் படகோடும் கால்வாய்களே ஏற்றவை என்று வாதாடியவர். ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடை மாதங்களிலும் வண்டி ஓடும் என்பதால், அறுவடை நெல்லைத் துறைமுகம் சேர்க்க ரயிலே பொருந்திய வழியாக இருந்தது.

நாகையைத் தொடக்க இடமாகத் தேர்ந்தது சரியான முடிவு. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் தண்டவாளம், எஞ்சின் ஆகியவற்றை இங்கேயே இறக்கி, கரையிலிருந்தே வேலையைத் தொடங்க முடிந்தது. நிலம் மட்டமானது, குன்றுகளைக் குடையவோ ஏற்றங்களில் ஏறவோ வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் கட்டுவதுதான் பெரிய வேலை. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ஓடியது. அதற்கு ஐந்தாண்டுகளில் திருவாரூர், நீடாமங்கலம் வழியாக நாகை வண்டி தஞ்சையை அடைந்துவிட்டது. மறு ஆண்டு திருச்சி வரை சுமார் 127 கிலோமீட்டர் பாதை நிறைவுற்றது. கம்பெனியின் இந்தியத் தலைமையிடமும் பணிமனையும் நாகையிலேயே அமைந்தன.

ஈரோடு இணைப்பு

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற பாதை மெட்ராஸ் ரயில்வேக்கு உரியது. அது சேலம், சங்ககிரி வழியாக வந்து, அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பள்ளிபாளையத்தை ஒட்டிக் காவிரியைக் கடந்து ஈரோட்டில் கால்வைத்தது. 1862-ல் அப்பாதை அரபிக்கடலோரம் பேப்பூர் வரை முழுமை பெற்றது. பள்ளிபாளையம் பக்கத்துக் கரையில் உள்ள காவிரி ரயில் நிலையத்தைக் கடந்துதான் இன்றும் சேலத்திலிருந்து வண்டிகள் ஆற்றுப்பாலம் ஏறுகின்றன.

நாகைப் பாதை இதனோடு சேர, திருச்சியிலிருந்து காவிரியின் தென்கரையைப் பின்பற்றி மேற்கே நீண்டது. 1866-ல் கரூரையும், கொடுமுடி வழியாக 1868-ல் ஈரோட்டையும் அது எட்டியது. இரு கம்பெனிகளும் 1,676 மில்லிமீட்டர் அகலத்தையே பயன்படுத்தின. ஆகவே வங்கக்கடல் ஓரத்து நாகையில் ஏற்றிய சரக்குப் பெட்டி, மூட்டையை இறக்காமலே அரபிக்கடல் ஓரத்துப் பேப்பூருக்குப் போக வழி பிறந்தது. சேலம், கோவை மாவட்டங்களின் நெசவூர்களுக்குச் சென்னையைச் சுற்றாமல் நேரே ஒரு கீழைக்கடல் துறைமுகம் கிடைத்தது. நாகை ரயில் வரலாற்றின் பொற்காலம் இதுவே. ஏழே ஆண்டுகளில் அது முடிந்தது.

பாதை அகலச் சிக்கல்

1853-ல் டல்ஹவுசி வகுத்த அகலப்பாதைக் கொள்கையை 1870-ல் வைசிராய் மேயோ பிரபு தளர்த்தி, செலவைக் குறைக்க மீட்டர் அகலத்தையும் ஏற்றார். 1874-ல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் கம்பெனியும் ஒன்றாகித் தென்னிந்திய ரயில்வே உருவானது. புதுக் கம்பெனி தன் பாதைகளை மீட்டர் அகலத்தில் அமைக்க முடிவுசெய்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாகை–திருச்சி அகலப்பாதை 1875-ல் பெயர்க்கப்பட்டு மீட்டர்பாதை ஆயிற்று. திருச்சி–ஈரோடு பகுதி 1879-ல் மாற்றப்பட்டது.

இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நாகையிலிருந்து மேற்கே போகும் ஒவ்வொரு மூட்டையையும் திருச்சியில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. தாது வருஷப் பஞ்சம் தாக்கிய 1876–78 இதே காலத்தில் வருகிறது. பஞ்சத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. கடல்வழி வந்த தானியம் உள்நாட்டுக்கு விரைந்து சேரவேண்டிய நேரத்தில், முன்பு தடையின்றி இருந்த பாதை இரண்டாகத் துண்டுபட்டுக் கிடந்தது. செலவுக் கணக்கை மட்டும் பார்த்து எடுத்த முடிவின் விலை இது. 1879-க்குப் பின் சுமை மாற்றும் இடம் ஈரோட்டுக்கு நகர்ந்ததே தவிர, தடை நீங்கவில்லை.

கம்பெனியின் கவனமும் நாகையை விட்டு விலகியது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் போனது. பத்தாண்டின் இறுதிக்குள் சென்னை, கடலூர், மாயவரம், தஞ்சை வழியே திருச்சிக்கு முதன்மைப் பாதை அமைந்தது. தொடக்க இடமாக இருந்த நாகை, தஞ்சையிலிருந்து பிரியும் ஒரு கிளையின் முனையானது. தலைமையிடமும் திருச்சிக்குப் போயிற்று. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரை வண்டி ஓடியபின் இலங்கைப் போக்குவரத்திலும் நாகையின் பங்கு சுருங்கியது.

கிளைப்பாதைகள்

தஞ்சை மாவட்ட போர்டு தானே முதலிட்டு அமைத்த மாயவரம்–திருவாரூர்–முத்துப்பேட்டை பாதை 1894-ல் திறக்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று ரயில்பாதைக்கு உடைமையாளராக இருந்தது அந்நாளில் அரிய செய்தி. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்குப் பேரளத்திலிருந்து 1898-ல் பாதை வந்தது. நாகையிலிருந்து நாகூர் தர்காவுக்கு 1899-ல் நீட்டிப்பு நடந்தது. இவற்றுள் நாகூர்க் கிளையே ஊருக்கு நிலையான வருவாய் தந்தது. கந்தூரி விழாவின்போது அதில் கூட்டம் நிரம்பி வழியும்.

மலேயா செல்வோரின் வழி

சரக்கு குறைந்தாலும் ஆட்கள் குறையவில்லை. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய தொழிலாளர்கள் திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டங்களிலிருந்து ரயிலேறி நாகைக்கு வந்தனர். கப்பல் வரும்வரை அவர்கள் இங்குள்ள முகாமில் தங்கவைக்கப்பட்டனர். 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் எனப் பல்லாண்டுகள் ஓடி 1973-ல் ஓய்வு பெற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் தாய்நாட்டில் கடைசியாகக் காலடி வைத்த மண் நாகைதான்.

பணிமனையும் 1928 வேலைநிறுத்தமும்

தலைமையிடம் போனபின்னும் பணிமனை நாகையில் நிலைத்தது. எஞ்சினும் பெட்டியும் பழுதுபார்க்கும் அங்கே ஒரு தொழிலாளர் சமூகமே வளர்ந்தது. 1920-களில் கம்பெனி நாகை, போத்தனூர் முதலிய பணிமனைகளைத் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒன்றுசேர்க்கத் திட்டமிட்டது. இடமாற்றத்தோடு ஆட்குறைப்பும் அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்று நடத்தினர். கடும் அடக்குமுறையால் போராட்டம் அம்மாத இறுதியிலேயே முறிக்கப்பட்டது. இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் குறைக்கப்பட்டது. பணிமனை பொன்மலைக்குப் போனது. குடும்பங்கள் பல உடன்போயின. தமிழகத் தொழிற்சங்க வரலாற்றில் இப்போராட்டம் முதன்மையான இடம் பெறத்தக்கது. அடுத்த ஆண்டு திருச்சி–ஈரோடு பாதை மீண்டும் அகலமாக்கப்பட்டது. நாகைப் பக்கம் மீட்டர்பாதையாகவே விடப்பட்டது.

இன்றைய நிலை

1944-ல் கம்பெனி அரசுடைமையாகி, 1951 முதல் தெற்கு ரயில்வேயின் பகுதியானது. நாகைப் பாதை இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் அகலமாயிற்று. 2010-ல் வேளாங்கண்ணிக்கும், 2011-ல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கும் பாதை நீண்டது. 2023-ல் இலங்கை காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. எர்ணாகுளம்–காரைக்கால் விரைவு வண்டி ஈரோடு, திருச்சி, நாகை வழியாக ஓடுகிறது. 1875-ல் அறுபட்ட இரு கடல் இணைப்பு இவ்வண்டியால் மீண்டிருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் புதுப்பாதையும் துறைமுக மேம்பாடும் நிறைவேறினால்தான் நாகை கிளைமுனை என்ற நிலையிலிருந்து முழுதாக விடுபடும்.